முட்டைக்கோழித் தீவனத்தில் ஓம எண்ணெய்: ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாகுமா?

சளி பிடித்தால் கற்பூரவல்லி, வயிறு உப்பினால் ஓமத்தண்ணி. நம் வீடுகளில் தலைமுறைகளாகப் பழகிய வாசனைகள் இவை. இதே வாசனை இப்போது முட்டைக்கோழிப் பண்ணைகளின் தீவனக் கலவையிலும் சேர்கிறது. கோழிக்கு எதற்கு ஓமம் என்று சிரிக்கத் தோன்றலாம். ஆனால், நாம் தினமும் சாப்பிடும் முட்டைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியோடு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் இது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'எசென்ஷியல் ஆயில்' என்பதைச் சில இடங்களில் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது தவறு. செடியின் 'எசென்ஸ்', அதாவது அதன் வாசனைச் சாறு என்ற பொருளில் வந்த பெயர் அது. நறுமண எண்ணெய் என்பதே சரி. ஓம எண்ணெயில் தைமால், கற்பூரவல்லியிலும் ஆரிகனோவிலும் கார்வக்ரால், கிராம்பில் யூஜெனால், பட்டையில் சின்னமால்டிஹைடு என ஒவ்வொன்றிலும் முக்கியமான ஒரு பொருள் இருக்கிறது. வேலை செய்வது பெரும்பாலும் அதுதான்.

ஆன்டிபயாடிக் எப்படித் தீவனத்துக்குள் வந்தது?

1940-களின் இறுதி, அமெரிக்கா. தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு வைட்டமின் பி12-க்கு மலிவான மூலம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. குளோர்டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்தபின் மிஞ்சிய கசடைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. வைட்டமின் மட்டும் அதற்குக் காரணமில்லை, கசடில் ஒட்டியிருந்த ஆன்டிபயாடிக்கும் காரணம் என்பது பிறகு தெரிந்தது. அதன்பின் நோயே இல்லாத கோழிக்கும் தினமும் கொஞ்சம் ஆன்டிபயாடிக் கொடுப்பது உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? சாக வேண்டிய பாக்டீரியா சாகாமல் பழகிக்கொள்ளும். நாளை நமக்குக் காய்ச்சல் வரும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். அதனால்தான் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஸ்வீடன் 1986-லேயே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதுமாக நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினைப் பண்ணை விலங்குகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2019 ஜூலையில் தடை விதித்தது.

முட்டைக்கோழியில் சிக்கல் இன்னும் கூடுதல். பிராய்லர் என்றால், விற்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே மருந்தை நிறுத்திவிடலாம். உடம்பிலிருந்து அது வெளியேறிவிடும். லேயர் கோழிக்கு அந்த இடைவெளியே கிடையாது, ஏறக்குறைய தினமும் முட்டையிடுகிறதே! மஞ்சள் கரு வேகமாகத் திரளும் கட்டமே சுமார் 10 நாள் நீடிக்கும். இன்று கொடுத்த மருந்து அடுத்த வாரம் வரும் முட்டையிலும் இருக்கலாம். மருந்தின் எச்சம் போகும்வரை வரும் முட்டைகளை விற்கக் கூடாது. 50,000 கோழிகள் உள்ள பண்ணையில் 90 சதவீதம் முட்டையிட்டால் ஒரு நாளைக்கு 45,000 முட்டை. அதைக் குப்பையில் கொட்ட யாருக்கு மனசு வரும்? வளைகுடா நாடுகளுக்கு முட்டை அனுப்பும் நாமக்கல் போன்ற ஊருக்கு எச்சம் என்பது வியாபாரப் பிரச்சினையும்கூட.

நறுமண எண்ணெய்கள் மேல் பண்ணையாளர்கள் ஆர்வம் காட்டுவது இந்த இடத்தில்தான்.

குடலுக்குள் என்ன செய்கிறது?

தைமாலும் கார்வக்ராலும் கொழுப்போடு எளிதில் சேரும் தன்மை கொண்டவை. பாக்டீரியாவின் மேலுறையும் கொழுப்பால் ஆனதுதான். இவை அந்த உறைக்குள் நுழைந்து அதை ஓட்டையாக்குகின்றன. உள்ளே இருப்பது கசிந்து பாக்டீரியா பலவீனமாகிறது. செரிமான நொதிகள் சுரப்பதையும் இவை தூண்டுகின்றன. அத்துடன் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணமும் உண்டு. மஞ்சள் கருவில் உள்ள கொழுப்பு சீக்கிரம் கெடாமலிருக்க அது உதவும்.

அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோ தீவனத்துக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லேயர் கோழி நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். அப்படியென்றால் ஒரு கோழிக்குக் கிடைப்பது 11 மில்லிகிராம், ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. இவ்வளவு குறைவான பொருளை டன் கணக்கான தீவனத்தில் சீராகக் கலப்பதே ஒரு வித்தை. போதாக்குறைக்கு இது ஆவியாகிப் பறந்துவிடும். வெயிலில் கிடக்கும் மூட்டையில் கேட்கவே வேண்டாம். பறக்காமல் தப்பியதும் குடலின் மேல்பகுதியிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும், கெட்ட பாக்டீரியா அதிகம் இருக்கும் கீழ்க்குடலுக்குப் போய்ச் சேராது. அதற்காகத்தான் எண்ணெய்த் துளியைக் கொழுப்பு உறைக்குள் அடைத்து, நுண்ணிய மணிகளாக விற்கிறார்கள். விலையும் அதற்கேற்ப ஏறுகிறது.

பலன் உண்டா என்றால், ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சில சோதனைகளில் முட்டை எண்ணிக்கை கூடியது, ஓடு கெட்டியானது. சிலவற்றில் எந்த வித்தியாசமும் இல்லை. சுத்தமான கொட்டகை, நல்ல தீவனம், இளம் கோழி என்று எல்லாம் சரியாக இருந்தால் எண்ணெய் சேர்த்தும் பெரிய மாற்றம் தெரியாது. கடும் வெயில், நெரிசல், வயதான கோழி போன்ற சூழலில்தான் பலன் தெரிய வாய்ப்பு அதிகம். ஓமமும் இடத்துக்கு இடம், அறுவடைக்கு அறுவடை மாறும். ஒரு கம்பெனி தயாரிப்பில் கிடைத்த பலன் இன்னொன்றில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எத்தனை சதவீதம் தைமால் என்று லேபிளில் போடாமல் 'மூலிகைச் சத்து' என்று மட்டும் போட்டிருந்தால், என்னைக் கேட்டால், வாங்காமல் விடுவதே நல்லது.

எண்ணெய் செய்ய முடியாததும் நிறைய இருக்கிறது. மே மாத வெயிலில் கோழி மூச்சிரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு உருவாகத் தேவையான பைகார்பனேட்டும் குறைகிறது. முட்டை ஓடு மெலிவது அதனால்தான். காற்றோட்டமும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாத கொட்டகையில் எந்த எண்ணெயும் இதைச் சரிசெய்யாது. ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சலும் பறவைக் காய்ச்சலும் வைரஸால் வருபவை. ஓம எண்ணெய் கொடுக்கிறோமே என்று தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் கொட்டகையே காலியாகிவிடும். இயற்கைதானே என்று அளவைக் கூட்டுவதும் ஆபத்து: காரம் அதிகமானால் கோழி தீவனம் எடுப்பதைக் குறைத்துவிடும், கலக்கும் ஆளுக்குக் கண்ணும் தோலும் எரியும்.

சரி, கடையில் 'மூலிகை முட்டை' என்று கூடுதல் விலை சொன்னால்? மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை ஆதாரமாகக் காட்டினால் நம்ப வேண்டாம். அந்த நிறம் மக்காச்சோளத்திலிருந்தோ தீவனத்தில் கலக்கும் செண்டுமல்லிப் பூச்சாற்றிலிருந்தோ வருவது. ஓமத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தெந்த ஆன்டிபயாடிக்குகளின் எச்சத்துக்குப் பரிசோதித்தார்கள், எந்த லேபில், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட் இருந்தால் கூடுதல் விலை கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.