800 மீட்டர் பெண்கள் ஓட்டம்: பதக்கம் தருவது காலா, மூளையா?

காரைக்குடி,

முதல் ரவுண்டில் சிட்டாய்ப் பறந்தாள். இரண்டாவது ரவுண்டில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. நாலாவதாக வந்து சேர்ந்தாள்.

கல்லூரிப் பெண்களுக்கான ஓட்டப்போட்டி எங்கே நடந்தாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். காரைக்குடி மைதானமும் விலக்கல்ல. "ஏத்தா, இப்பவே ஓடிட்டா அப்புறம் எதைக்கொண்டு ஓடுவே?" என்று வேலி ஓரத்தில் நிற்கும் பெரிசுகள் கத்துவார்கள். ஓடுகிறவள் காதில் அது விழாது.

மூன்றாவது இடத்துக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவே இருப்பது வெறும் இரண்டு எட்டு. ஆனால் மூன்றாவதாக வந்தவளுக்குப் பதக்கமும் சர்டிபிகேட்டும் உண்டு. ரயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடும்போது அந்தக் காகிதம் பேசும். நாலாவதாக வந்தவளுக்கு வெறும் கைத்தட்டுதான்.

வெளியே ஓடினால் நஷ்டம்

800 மீட்டர் என்பது 400 மீட்டர் பாதையில் இரண்டு சுற்று. முதல் வளைவு வரை அவரவர் கோட்டுக்குள் ஓடவேண்டும். அதன்பிறகு எல்லோரும் உள்கோட்டுக்கு வரலாம். தள்ளுமுள்ளு அங்கேதான்.

உள்ளே இடம் கிடைக்காமல் ஒரு கோடு வெளியே ஓடினால் என்ன ஆகும்? ஒரு கோட்டின் அகலம் 1.22 மீட்டர். ஒரு வளைவுக்கு ஏறக்குறைய 3.8 மீட்டர் அதிகமாக ஓடவேண்டி வரும். மீதி மூன்று வளைவுகளையும் அப்படியே ஓடினால் 11 மீட்டருக்கு மேல் போச்சு. 2 நிமிஷம் 10 விநாடியில் ஓடும் பெண்ணுக்கு இது கிட்டத்தட்ட 2 விநாடி. மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து ஓடிச் சம்பாதித்த 2 விநாடி!

கோட்டைத் தாண்டினார், தங்கம் போச்சு

அவசரப்பட்டு உள்ளே வந்தாலும் ஆபத்துதான். 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் ஷைனி ஆபிரகாம் 800 மீட்டரில் முதலாவதாக வந்தார். ஆனால் அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு முன்பே தன் கோட்டை விட்டு உள்ளே வந்துவிட்டார் என்று நடுவர்கள் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். தங்கம் தென்கொரியாவின் லிம் சுன்-ஏவுக்குப் போனது. அதே ஷைனிதான் 1995-ல் சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டியில் 1 நிமிஷம் 59.85 விநாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். காலில் குறையில்லை. ஒரு கோடுதான் கவிழ்த்தது.

அந்தச் சாதனையை 2010-ல் முறியடித்தவர் பி.டி.உஷாவின் மாணவி டின்டு லூகா. இவருக்கு வேறு வியாதி. துப்பாக்கி வெடித்தால் முன்னால் பாய்ந்துவிடுவார், பின்னால் வருகிறவர்களுக்குக் காற்றை மறைத்துக் கொடுப்பார். 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் அவருடைய நேரம் 1:59.19. கஜகஸ்தானின் மர்கரீட்டா முகாஷேவா 1:59.02. டின்டுவுக்கு வெள்ளி. மற்றவர்களுக்கு வழிகாட்டி விளக்குப் பிடித்ததுதான் மிச்சம் என்று அன்று பலர் அங்கலாய்த்தார்கள். ஆனால் மறுவருஷமே வூஹானில் ஆசியச் சாம்பியன் ஆனார். முன்னால் ஓடுவதே தப்பு என்று சொல்லிவிடவும் முடியாது.

பக்கத்து ஊர் சாந்தி

காரைக்குடிக்குப் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் கூலித் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 2:03.16-ல் ஓடி இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் பெண்ணுக்கும் இவருக்கும் வித்தியாசம் 0.03 விநாடி. தூரத்தில் சொன்னால் ஒரு சாண்!

கடைசி மூச்சில் பிடித்த அந்த ஒரு சாணையும் வைத்துக்கொள்ள விடவில்லை. பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். அவர் ஓட்டத்தில் எந்தத் தப்பும் செய்யவில்லை. தமிழக அரசு கொடுத்த பணத்தைக் கொண்டு புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு சூளைக் கூலிக்கும் போனார். பின்னர்தான் அரசுப் பயிற்சியாளர் ஆனார்.

திருச்சி முடிகண்டம் கோமதி மாரிமுத்துவின் கதை வேறு. 2019-ல் தோகாவிலேயே நடந்த ஆசியச் சாம்பியன் போட்டியில் கடைசி நேர்பாதையில் எல்லோரையும் முந்தி 2:02.70-ல் தங்கம் வாங்கினார். எப்போது பாயவேண்டும் என்பதற்கு அந்த ஓட்டம் ஒரு பாடம். ஆனால் ஊக்கமருந்துச் சோதனையில் நான்ட்ரலோன் இருப்பதாகத் தெரிந்தது. தங்கம் சீனாவின் வாங் சுன்யூவுக்குப் போனது, கோமதிக்கு நாலு வருஷத் தடை. தெரிந்து எதையும் சாப்பிடவில்லை என்று அவர் சொன்னது எடுபடவில்லை.

கூரைக்குள் ஓட்டம்

இதே 800 மீட்டரைக் கூரைக்கு அடியிலும் ஓடுகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிக்காலத்தில் வெளியே ஓட முடியாது. அதனால் உள்ளரங்கத்தில் 200 மீட்டர் பாதை. இரண்டு சுற்று அங்கே நாலு சுற்று, வளைவு எட்டு. வளைவுகளைச் சரிவாகத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். நேர்பாதையோ குட்டை. முந்தலாம் என்று நினைப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். வெளியே சுற்றினால் நஷ்டம், உள்ளே நின்றால் சிறை. அதனால் மணி அடிக்கும்போது முன்னால் இருப்பவளுக்கே பெரும்பாலும் வெற்றி. டின்டுவின் பாணி அங்கே பலித்திருக்குமோ என்னவோ.

2002-ல் வியன்னாவில் ஸ்லோவேனியாவின் யொலாண்டா செப்லாக் 1:55.82, ஆஸ்திரியாவின் ஸ்டெஃபனி கிராஃப் 1:55.85. இரண்டு பேருமே பழைய உலகச் சாதனையை முறியடித்தார்கள். ஆனாலும் சொந்த நாட்டில் ஓடிய கிராஃபுக்கு வெள்ளிதான். அங்கேயும் அதே 0.03 விநாடி!

அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டம் தனி ஆளுக்கு மட்டுமல்ல. முதல் எட்டு இடங்களுக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளி. புள்ளி அதிகம் சேர்த்த கல்லூரிக்குக் கோப்பை. ஒரு பெண்ணை 800, 1500 இரண்டிலும் இறக்கிப் புள்ளி சேர்ப்பதா, தொடர் ஓட்டத்துக்கு மிச்சம் வைப்பதா? கோச்சுகளுக்குத் தூக்கம் போவது இந்தக் கணக்கில்தான். நம் ஊர் பி.டி. மாஸ்டர்களுக்கும் இந்தத் தலைவலி புதிதல்ல.

நம் நாட்டிலும் புவனேஸ்வரம் கலிங்கா ஸ்டேடியத்தில் உள்ளரங்கப் பாதை வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் டெஹ்ரான் ஆசிய உள்ளரங்கப் போட்டியில் பஞ்சாபின் ஹர்மிலன் பெயின்ஸ் 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். நேரம் 4:29.55. 2021-ல் வாரங்கலில் திறந்தவெளியில் அவரே ஓடிய நேரம் 4:05.39. இருபத்துநாலு விநாடி மெதுவாக ஓடித் தங்கம்! 

காரைக்குடி மண் பாதையில் சரிவான வளைவு கிடையாது, கூரையும் கிடையாது. ஆனால் 200 மீட்டருக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டு, நாலு பெண்களைச் சேர்த்து ஓடவிட்டு, மூன்றாவது சுற்றில் யார் உள்ளே, யார் வெளியே என்று பார்க்க ஒரு மூட்டை சுண்ணாம்பும் ஒரு விசிலும் போதும்.