பரடேயின் இரும்பு வளையம்

பௌதிக நூல்களிலே மைக்கேல் பரடேயின் பெயர் ஒரு விதியோடு கட்டுண்டு கிடக்கின்றது. அவ்விதி பிறந்த வரலாறோ மாணவர் பலர் அறியாதது. இலண்டனுக்கு அணித்தாக 1791 இல் ஒரு கொல்லனின் மகனாய்ப் பிறந்தவர் அவர். புத்தகங் கட்டும் தொழில் பயின்று, கட்டவந்த நூல்களையே கற்றவர். 1813 இல் ஹம்பிரி டேவியின் உதவியாளராக றோயல் இன்ஸ்ரிரியூசனிற் சேர்ந்தார்.

மின்னோட்டம் காந்தவிளைவைத் தருமென ஏர்ஸ்டெட் 1820 இற் காட்டினார். அங்ஙனமாயின் காந்தம் மின்னை விளைக்காதோ? 1831 ஓகஸ்ட் 29 ஆம் நாள், மெல்லிரும்பு வளையமொன்றின் இருபுறமும் செப்புக்கம்பியைத் தனித்தனியே சுற்றி, ஒரு சுற்றை மின்கலவடுக்குடன் இணைத்தார் பரடே. மறு சுற்றோடு தொடுத்த கம்பியின் அருகிருந்த காந்தவூசி துடித்தது, பின் அடங்கியது. இணைப்பை நீக்கியபோது மீண்டும் துடித்தது. மின் இடையறாது ஓடுங்கால் ஊசி அசையவேயில்லை. நிலைத்த மின்னோட்டத்தையே தேடியோர் இச்சிறு துடிப்பை ஒதுக்கியிருப்பர். மாற்றமே மின்னைத் தூண்டுகின்றது எனப் பரடே தெளிந்தார். மின்பிறப்பாக்கியும் நிலைமாற்றியும் அத்துடிப்பின் வழிவந்தவை.

உயர்கணிதம் அவர் கல்லாதது. அது குறைதான்; ஆயினும் அக்குறையே அவரைப் படங்களாற் சிந்திக்கச் செய்தது என்பது எம் கருத்து. காந்தத்தைச் சூழ இரும்புத்தூள் வரையும் கோடுகளை அவர் மெய்ப்பொருளாகவே கொண்டார். கணிதம் வல்லார் பலர் அதனைப் பொருட்படுத்திலர். மக்சுவெல் அக்கோடுகளைச் சமன்பாடுகளாக்கினார். ஒளியும் மின்காந்த அலையே என 1865 இல் வெளியான அவர் கட்டுரை கூறிற்று. பரடே அப்பொழுது நினைவு தளர்ந்த முதியவர். 1867 இல் மறைந்தார்.