படகுச் சுழலிப் பாதுகாப்பு (டிரெய்லர் பயணம்)

படகுச் சுழலிப் பாதுகாப்பு என்பது, விசைப்படகொன்றை டிரெய்லரில் ஏற்றிச் சாலை வழியாக இழுத்துச் செல்லும்போது, புரொப்பெல்லர் எனப்படும் அதன் உந்துசுழலி சேதமடையாமலும், அதனால் பிறர் காயமடையாமலும் காக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்கா, ஆத்திரேலியா போன்ற நாடுகளில் பொழுதுபோக்குப் படகுகள் பல வீட்டில் நிறுத்தப்பட்டு, தேவைப்படும்போது ஏரிக்கோ கடலுக்கோ இவ்வாறு கொண்டு செல்லப்படுகின்றன.

சேதம் ஏற்படும் முறை

இத்தகைய படகுகள் பலவற்றில் வெளியிணைப்பு இயந்திரம் பின்பலகையில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் கீழ்முனையில் சுழலியும், சுழலிக்குக் கீழே ஸ்கெக் எனப்படும் தகடும் உள்ளன. இவை டிரெய்லரின் சக்கரங்களுக்குப் பின்னால் நீண்டு, தாழ்ந்து இருப்பதால் வேகத்தடை, பள்ளம், படகுத்துறைச் சரிவு ஆகியவற்றைக் கடக்கும்போது தரையில் மோதக்கூடும்.

அலுமினியச் சுழலியின் இதழ் எளிதில் வளையும் அல்லது உடையும். துருவேறா எஃகுச் சுழலி வலிமையானது. எனினும் அது வளையாததால் மோதலின் விசை தண்டுக்கும் பற்சக்கரங்களுக்கும் கடத்தப்படலாம். இதழ் சிறிதளவு வளைந்தாலும் சுழலியின் சமநிலை கெடும். அதனால் உண்டாகும் அதிர்வு, தாங்கிகளையும் எண்ணெய்க் காப்பு வளையங்களையும் தேய்க்கின்றது. காப்பு வளையம் பழுதடைந்தால் பற்சக்கரப் பெட்டிக்குள் நீர் புகும்.

இயந்திரத்தின் நிலை

தரைக்கும் ஸ்கெக்கிற்கும் இடையே போதிய இடைவெளி இருப்பின், இயந்திரத்தைச் செங்குத்தாகவே வைத்து இழுப்பது நல்லது. இடைவெளி குறைவாயின் இயந்திரத்தைச் சாய்த்து உயர்த்த வேண்டும். 150 குதிரைத்திறன் கொண்ட நான்கடிப்பு இயந்திரம் 200 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. சாய்த்த நிலையில் இவ்வெடை நெம்புகோல் போலச் செயற்பட்டு, ஒவ்வொரு குலுங்கலிலும் பின்பலகையை வருத்தும்.

இதனைத் தவிர்க்க, டிரெய்லரின் பின்சட்டத்திற்கும் இயந்திரத்தின் கீழ்ப்பகுதிக்கும் இடையே தாங்குகோல் ஒன்று பொருத்தப்படுகின்றது. இயந்திரத்துடனேயே வரும் சாய்வுத் தாங்கி நெம்பு, படகு நிறுத்தப்பட்டிருக்கும்போது பயன்படுத்துவதற்கு உரியது. இழுக்கும்போது அதை மட்டும் நம்பினால் இயந்திரம் குலுங்கி விடுபட்டுக் கீழே விழலாம் என்று தயாரிப்பாளர் கையேடுகள் எச்சரிக்கின்றன. காற்றில் சுழலி சுற்றாதிருக்க, இயந்திரத்தை நிறுத்தியபின் முன்செல் பல்லிணைப்பில் விடுமாறு சில கையேடுகள் கூறுகின்றன.

உறையிடுதல்

தடித்த துணி, ரப்பர் முதலியவற்றாலான உறைகள் சுழலிக்கு அணிவிக்கப்படுகின்றன. சிலர் நெகிழி வாளியைக் கவிழ்த்துக் கட்டுவதும் உண்டு. உறை, சிதறும் கற்களிலிருந்து இதழ்களைக் காக்கும். தரையில் மோதுவதைத் தடுக்காது. அதன் முதன்மையான பயன் பிறரின் பாதுகாப்பே ஆகும். கூரிய இதழ்கள், பின்னால் வரும் மிதிவண்டி ஓட்டுநருக்கும் நிறுத்துமிடத்தில் நடப்பவருக்கும் காயம் விளைவிக்கக்கூடியவை. எனவே கண்ணில் படும் செம்மஞ்சள் போன்ற நிறங்கள் விரும்பப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில், வண்டியின் பின்முனைக்கு அப்பால் 4 அடிக்கு மேல் நீளும் சுமைக்குச் செந்நிறக் கொடி கட்டுதல் வேண்டும்.

கழற்றி எடுத்தல்

நெடுந்தொலைவுப் பயணங்களில் சிலர் சுழலியைக் கழற்றி வண்டிக்குள் வைப்பர். இது திருட்டையும் தடுக்கும். கழற்றுமுன் இயந்திரத்தின் சாவியை எடுத்துவிட வேண்டும். வளையங்களையும் மரையையும் பூட்டூசியையும் கழற்றிய வரிசையிலேயே வைத்திருந்தால் மீண்டும் பொருத்துவது எளிது. தண்டில் மீன்பிடி நரம்பு சுற்றியிருந்தால் அதை அகற்ற வேண்டும்; அது காப்பு வளையத்தை அறுக்கக்கூடியது.

படகுத்துறையில் கவனிக்க வேண்டியவை

- நீரில் இறக்குமுன் தாங்குகோலையும் உறையையும் அகற்றுதல்.
- சரிவில் இறங்கும்போது இயந்திரத்தை உயர்த்தியே வைத்திருத்தல்.
- படகை மீட்கும்போது, டிரெய்லர் நீரைவிட்டு வெளியேறும் முன்பே இயந்திரத்தை உயர்த்துதல்.
- சமதரைக்கு வந்தபின் இயந்திரத்தைச் சற்று இறக்கி உள்ளிருக்கும் நீரை வடித்தல். குளிர்நாடுகளில் தேங்கிய நீர் உறைந்து விரிவடைந்து உட்பகுதிகளைச் சேதப்படுத்தக்கூடும்.
- தாங்குகோலை மீண்டும் பொருத்திச் சில கிலோமீட்டர் சென்றபின் கட்டுகளைச் சரிபார்த்தல்.