சிறுநீரகமும் இருதயமும்

எங்கள் பெரியப்பா காலமானபோது, "கிட்னிக் கோளாறு என்றார்கள், கடைசியில் மாரடைப்பல்லவா கொண்டு போய்விட்டது!" என்று ஊரார் வியந்தனர். ஒரு நோய்க்கு மருந்துண்கையில் வேறொரு நோய் குறுக்கிட்டதாகவே நானும் எண்ணினேன். விலங்கியல் வகுப்பில் கழிவு நீக்க மண்டலத்தைப் படித்த பிறகுதான் இரண்டுக்குமுள்ள உறவு எனக்கு விளங்கலாயிற்று.

சிறுநீரகத்தை வீட்டுச் சாக்கடைபோல் கருதுகிறோம். ஆனால், இருதயம் இறைக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, கைப்பிடியளவேயுள்ள இவ்விரு உறுப்புகளுக்குச் செல்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. ஒன்றரை லிட்டர் போக மற்றதெல்லாம் இரத்தத்திற்கே திரும்புகிறது. உடலில் எவ்வளவு உப்பும் நீரும் இருக்கலாம் என்று கணக்குப் பார்ப்பது சிறுநீரகமே.

நெஃப்ரான்கள் நாளடைவில் அழிந்தால் இக்கணக்கு தவறுகிறது. உப்பும் நீரும் தேங்கி இரத்தத்தின் அளவு கூடுகிறது. போதாக்குறைக்கு, நைந்த சிறுநீரகம் தனக்கு இரத்தம் போதவில்லையென ரெனின் என்னும் பொருளைச் சுரக்க, தமனிகள் சுருங்குகின்றன. 1934-இல் அமெரிக்க அறிஞர் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்க, அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. இவ்வழுத்தத்தை எதிர்த்து இறைத்து இறைத்து இருதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. தடித்துவிட்டதால் பலம் கூடிற்று என்று மயங்க வேண்டாம். அத்தசை விறைத்துப்போகிறது, அதற்கு வேண்டிய இரத்தமும் கிடைப்பதில்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரக நோயால் இறந்தோரின் இருதயம் பெருத்திருப்பதை 1836-இலேயே குறித்துள்ளார். இரத்த அழுத்தம் அளக்கும் கருவி மருத்துவர் கைக்கு வராத காலம் அது!

என்னைப் பெரிதும் வியக்கவைத்தது பாஸ்பேட்டின் கதை. நாம் உண்ணும் பால், பருப்பு, இறைச்சி அனைத்திலும் அது உண்டு. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். இயலாதபோது அது சுண்ணாம்புச் சத்தோடு கூடித் தமனிச் சுவரில் படிகிறது. அங்குள்ள தசைச் செல்களே எலும்புச் செல்களைப்போல் மாறிவிடுகின்றனவாம். ரப்பர்க் குழாய்போல் விரிந்து சுருங்க வேண்டிய தமனி இறுகிப்போனால், ஒவ்வொரு துடிப்பின் அதிர்ச்சியும் இருதயத்தையே தாக்கும். இரத்தம் ஊறத் தூண்டும் எரித்ரோபாய்டினும் குறைவதால் சோகை வேறு சேர்கிறது. பொட்டாசியம் மிகுந்தால் இருதயத் துடிப்பே தடுமாறும்.

சிறுநீரகம் நல்ல நிலையில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 100 மில்லி லிட்டர் வடிக்கும். கலிபோர்னியாவில் பதினோரு இலட்சத்திற்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2004-இல் ஒரு முடிவு வெளியாயிற்று. வயது, நீரிழிவு போன்றவற்றைக் கழித்துக் கணக்கிட்டும், வடிதிறன் 30 முதல் 44 வரை குறைந்தவர்களுக்கு இருதய, இரத்தக்குழாய் நோய்த் தாக்குதல் இருமடங்காக இருந்தது. 15 முதல் 29 வரை என்றால் 2.8 மடங்கு. டயாலிசிஸ் செய்துகொள்வோர் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

"டயாலிசிஸ் வரை போகவில்லையே" என்றுதான் நாங்களும் ஆறுதலடைந்திருந்தோம். அந்நிலையை எட்டும் முன்பே இருதய நோயால் மடிவோர் ஏராளம் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கேட்க வேண்டுமென்று எங்களுக்கும் தோன்றவில்லை.

காரியம் முடிந்த பின் அவருடைய மருத்துவச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. மூன்றாண்டுகட்கு முந்திய சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டில் ஆல்புமின் என்பதற்கு நேராக இரண்டு கூட்டல் குறிகள் இருந்தன. வடிகட்டி ஒழுகுகிறது என்பதற்கும், உடலெங்கும் இரத்தக்குழாய்கள் பழுதுபடுகின்றன என்பதற்கும் அதுவே முன்னறிவிப்பு. அப்போது அவருக்குக் காலில் வீக்கமில்லை, மூச்சிரைப்பில்லை. நாள்தோறும் தறிக்குப் போய்வந்தார். சீட்டை நாலாய் மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.