குளம் பச்சையானால் கொதிக்கவைத்தும் பயனில்லை

வீரமுனையைச் சுற்றியுள்ள வட்டைகளில் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் எறிகிற பசளை முழுவதையும் நெற்பயிர் எடுத்துக்கொள்வதில்லை. பசளை எறிந்த அன்றிரவே மழை கொட்டினாலோ, மேல் வயல்காரர் வக்கடையைத் திறந்துவிட்டாலோ, பயிர் எடுக்காத பங்கு தண்ணீரோடு வடிச்சல் வாய்க்காலில் இறங்கிவிடும். அங்கிருந்து கிட்டங்கி, பிறகு மட்டக்களப்பு வாவியின் தென்முனை, கடைசியில் முகத்துவாரமும் கடலும். நெல்லுக்கென்று காசு கொடுத்து வாங்கிய நைதரசனும் பொசுபரசும் போகிற வழியெல்லாம் பாசிக்குத் தீனியாகின்றன.

மாரி வந்தால் கிட்டங்கிப் பாலத்தடியில் ஆற்றுவாழையும் சல்வீனியாவும் அடைத்துக்கொள்வதும், தண்ணீர் மேலெழும்பிக் கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே போக்குவரத்துச் சிக்கலாவதும் ஊருக்குப் பழகிய செய்தி. அது கண்ணுக்குத் தெரிகிற களை. பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து அள்ளிக் கரையில் கொட்டலாம். அதே தீனியைத் தின்று அதே தண்ணீரில் பெருகும் நுண்பாசியை அப்படி அள்ள முடியாது. அதில் சில வகைகள் நஞ்சையும் சுரக்கும்.

பாசி எப்படிப் பெருகுகிறது?

எல்லா நன்னீரிலும் எல்லாக் கடலிலும் பாசி உண்டு. இறால் குஞ்சு முதல் திமிங்கிலம் வரை நீர்வாழ் உயிர்களின் சோற்றுப்பானை அதுதான். தீனி அளவோடு இருக்கும்வரை பாசியும் அளவோடு இருக்கும். தீனி மிஞ்சினால், வெயிலும் சேர்ந்தால், தண்ணீரும் ஓடாமல் தேங்கி நின்றால், சில நாட்களுக்குள் நீர்ப்பரப்பு முழுவதையும் மூடிவிடும். பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் நற்போசணையாக்கம் என்ற தலைப்பில் பிள்ளைகள் படிப்பது இதைத்தான்.

தீனி வரும் வழிகள் பல. வயலிலிருந்து யூரியாவும் பொசுபேற்றும் வருகின்றன. நெருக்கமாக வீடுகள் உள்ள கரையோர ஊர்களில் மலசலகூடக் குழிகளின் கசிவும், சவர்க்கார நீரும், இறைச்சிக் கடைகளின் கோழிக்கழிவும் சேருகின்றன. சாய்ந்தமருதுத் தோணாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எத்தனை தடவை துப்புரவு செய்தாலும், உள்ளே வருவது நிற்காதவரை களையும் நாற்றமும் திரும்ப வருகின்றன.

காலமும் இதற்குக் கைகொடுக்கிறது. சிறுபோக மாதங்களில் மழை இல்லை, குளங்களில் நீர்மட்டம் இறங்குகிறது, முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்கிறது. தண்ணீர் குறையக் குறைய அதிலுள்ள சத்து செறிவாகிறது. 25 பாகை செல்சியசுக்கு மேல் வேகமாக வளரக்கூடிய நீலப்பச்சைப் பாசிக்கு எங்கள் கரையோரத்து வெப்பம் வருடம் முழுவதும் வாய்ப்பானது.

இந்த நீலப்பச்சைப் பாசி உண்மையில் பற்றீரியா இனத்தைச் சேர்ந்தது. அதன் கலங்களுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் உண்டு. அதனால்தான் காற்றில்லாத காலைப் பொழுதில் அது மேலே மிதந்து வந்து, பச்சைப் பெயின்ரைக் கொட்டியதுபோல் படலமாகிறது. காற்று கிளம்பினால் அந்தப் படலம் ஒரு கரையில் போய் ஒதுங்கும். மாடு தண்ணீர் குடிப்பதும் பிள்ளைகள் இறங்குவதும் அந்தக் கரையாகவே இருந்துவிட்டால்தான் ஆபத்து.

மீன் ஏன் விடியலில் சாகிறது?

மட்டக்களப்பு வாவியில் மீன்கள் செத்துக் கரையொதுங்கும் செய்தி அவ்வப்போது வரும். உடனே யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்ற பேச்சும் கிளம்பும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். உவர்ப்பு சட்டென்று மாறினாலும் மீன் சாகும். ஆனால் பாசி நஞ்சே சுரக்காமலும் மீனைக் கொல்லும் என்பது பலருக்குத் தெரியாது.

பகலில் பாசி ஒளித்தொகுப்புச் செய்து தண்ணீருக்கு ஒட்சிசன் கொடுக்கிறது. இரவில் அதுவும் மீனைப் போலவே சுவாசித்து ஒட்சிசனை எடுக்கிறது. பாசி அளவுக்கு மிஞ்சிய நீரில் இரவு முழுக்க இந்தச் செலவு நடந்து, விடிவதற்குச் சற்று முன்பு கரைந்த ஒட்சிசன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். அந்த நேரம் தோணியில் போகிறவர் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். பாசி மொத்தமாகச் செத்தால் நிலைமை இன்னும் மோசம். அதை அழுகச் செய்யும் பற்றீரியாக்கள் மிச்ச ஒட்சிசனையும் எடுத்துவிடும். தப்பியோட முடியாத நண்டு, மட்டி, அடிமண்ணில் வாழும் மீன்கள் முதலில் சாகும்.

எங்களுக்குப் பக்கத்துக் கடலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் மண்டபம் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிக் கடல் பச்சையானது. அங்குள்ள மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நொக்டிலூகா என்ற நுண்ணுயிர்தான் காரணம். கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, மீன்களோடு பவளப் பாறைகளும் செத்தன என்பதைத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தினர் பதிவுசெய்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவை வேகமாக வளரும் கிளைப் பவளங்கள். அந்தப் பவளங்களின் இடுக்குகளில்தான் மீன்குஞ்சு வளர்கிறது. பாசி சில நாளில் போய்விடும், மீன்பாட்டில் விழும் அடி பல வருடம் நிற்கும்.

நஞ்சு சுரக்கும் பாசி

ஏரிப் பாசி கால்நடைகளைக் கொல்லும் என்று முதன்முதலில் விஞ்ஞான உலகுக்கு எழுதியவர் ஜோர்ஜ் பிரான்சிஸ். 1878இல் தென் அவுஸ்திரேலியாவின் அலெக்சாண்டிரினா ஏரியில் தண்ணீர் குடித்த ஆடு மாடுகள் சில மணி நேரத்தில் விழுந்து செத்ததை அவர் விவரித்தார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2025 மார்ச்சில் அதே மாநிலத்தின் கடற்கரையில் கரேனியா இனப் பாசி பெருகத் தொடங்கியது. சுறா, திருக்கை, கணவாய், கடற்குதிரை என்று நூற்றுக்கணக்கான இனங்கள் கரையொதுங்கின. அலைச்சறுக்குக்குப் போனவர்களுக்குக் கண் எரிச்சலும் இருமலும் வந்தன. வழமையைவிடச் சூடேறியிருந்த கடல்தான் அந்தப் பெருக்கத்துக்கு ஒரு முக்கிய காரணம் என்று சொல்லப்பட்டது.

2020இல் ஆபிரிக்காவின் பொட்ஸ்வானாவில் 330க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. தந்தம் வெட்டப்படவில்லை, சூட்டுக்காயம் இல்லை. நீர்நிலைகளில் இருந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அம்பாறை மாவட்டத்தில் யானையும் எருமையும் மனிதரும் பயன்படுத்துவது ஒரே குளங்களைத்தான். தயிருக்குப் பேர்போன இந்தப் பகுதியில் எருமைப் பட்டி வைத்திருப்பவர்கள் இதை வேறு நாட்டுக் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடலில் வேறு வகை நஞ்சுகள் உண்டு. மட்டி, சிப்பி போன்றவை தண்ணீரை வடிகட்டித் தின்பவை. நச்சுப் பாசி பெருகிய காலத்தில் அந்த நஞ்சு அவற்றின் சதையில் சேரும். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, தின்பவருக்கு உதடு மரத்து, கைகால் சோர்ந்து, கடைசியில் மூச்சுத் தசையே நின்றுபோகலாம். 1981இல் தமிழ்நாட்டில் மட்டி தின்ற மூன்று பேர் இறந்தார்கள். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்ற ஏழு பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலைக்குப் போனார்கள். சமைத்தாலும் இந்த நஞ்சு போகாது.

குழாயில் வரும் தண்ணீர்

கரையோர ஊர்களுக்குப் பெரிய கேள்வி குடிநீர்தான். கல்லோயாவின் தண்ணீரை நம்பியே இந்த மாவட்டம் வாழ்கிறது. அம்பாறையிலுள்ள கொண்டவட்டுவான் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுத்தான் கரையோரத்து வீடுகளுக்குக் குழாய்வழி வருகிறது. கிணற்று நீரை விட்டுக் குளத்து நீருக்கு மாறிய ஒரு சமூகம், குளத்தில் என்ன வளர்கிறது என்று கேட்டே ஆகவேண்டும்.

இலங்கைக் குளங்களில் நச்சுப் பாசி புதிதல்ல. 1999 மே மாதத்தில் கண்டி வாவி பச்சையாகத் திரண்டபோது அது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சுப் பாசி என்று இனங்காணப்பட்டது. கொழும்புப் பேரை வாவி பல வருடங்களாகவே பச்சை. மைக்ரோசிஸ்டிஸ் சுரக்கும் மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கும். குடிநீர் ஒரு லீற்றரில் அது 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் நீண்டகாலப் பாவனைக்கு வைத்திருக்கும் எல்லை.

தண்ணீரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கொதிக்கவைத்துக் குடி என்பது எங்கள் வீடுகளின் பழைய புத்தி. கிருமிக்கு அது சரி. மைக்ரோசிஸ்டின் கொதியில் அழிவதில்லை. தண்ணீர் வற்றினால் அதன் செறிவு கூடவே செய்யும். 2014 ஓகஸ்ட்டில் அமெரிக்காவின் தொலீடோ நகரில் ஏரிப் பாசியின் நஞ்சு குழாய்நீரில் கலந்தபோது, குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்றே சுமார் ஐந்து லட்சம் பேருக்கு அறிவித்தார்கள்.

நீர் சுத்திகரிப்பிலும் இதே பொறி உண்டு. முழுக் கலங்களாக இருக்கும் பாசியைச் சாதாரண வடிகட்டல் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் பாசியைக் கொல்வதற்கென்று குளத்தில் செப்புச் சல்பேற்றைப் போட்டால், கலங்கள் வெடித்து உள்ளிருக்கும் நஞ்சு நீரில் கரைந்துவிடும். கரைந்ததைப் பிடிக்க உயிர்ப்பூட்டிய கரி போன்ற கூடுதல் ஏற்பாடு வேண்டும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் சிறுநீரக நோயாளருக்கு டயலிசிஸ் செய்த நிலையமொன்றுக்குப் பாசி படர்ந்த நீர்த்தேக்கத்துத் தண்ணீர் போதிய சுத்திகரிப்பின்றிப் போனது. 50க்கும் மேற்பட்ட நோயாளர்கள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள்.

சிறுநீரக நோய் என்றதும் அந்த நோய் பரவிய மஹாஓயாவும் தெஹியத்தகண்டியும் நினைவுக்கு வரும். காரணம் தெரியாத அந்த நோய்க்குப் பாசி நஞ்சையும் ஒரு சந்தேகமாக ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள், அது நிரூபணமாகவில்லை. ஆகவே குழாய்நீரைக் கண்டு பீதியடைய வேண்டியதில்லை. பரிசோதனை வேண்டும், அதன் முடிவு மக்களுக்குத் தெரியவேண்டும்.

பசளையை நிறுத்தினால் தீருமா?

அந்தப் பரீட்சையை நாடு எழுதிப் பார்த்துவிட்டது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடுக்கப்பட்டது. விளைச்சல் விழுந்து, விவசாயிகள் வீதிக்கு வந்து, அதே வருடம் நவம்பரில் தடை விலகியது. அதற்கு முன்பு நடந்ததும் சரியில்லை. 2005 முதல் 50 கிலோ மூடை 350 ரூபாவுக்கு மானியமாகக் கிடைத்த காலத்தில், எறிவதற்குக் கணக்கே இருக்கவில்லை. அள்ளி எறியச் சொன்ன கொள்கையும் அறவே நிறுத்தச் சொன்ன கொள்கையும் வயலின் மண்ணைப் பார்த்து எடுத்த முடிவுகள் அல்ல.

செய்யக்கூடியது இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவைப் பல தடவையாகப் பிரித்து எறியலாம். மழை இருட்டிக்கொண்டு வரும்போது எறியாமல் இருக்கலாம். எறிந்த பின் சில நாள் வக்கடையை அடைத்து வைக்கலாம். வாய்க்கால் ஓரத்துப் புல்லையும் பற்றையையும் முழுதாக வெட்டாமல் விட்டால், ஓடிவரும் சத்தில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும். இதனால் பசளைச் செலவும் குறையும். கழிவுநீருக்கு ஒழுங்கான வடிகாலமைப்பு இல்லாத ஊர்களில் வயல்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அந்தப் பொறுப்பு மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் உரியது.

சந்தேகமான தண்ணீரை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி நீர் எடுத்து, மூடி, ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் தீங்கில்லாத பாசி. மேலே வளையமாக மிதந்து நின்றால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். நஞ்சு உண்டா இல்லையா என்பதை ஆய்வுகூடம்தான் சொல்லும். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமே இருக்கிறது. நீர் வழங்கல் சபையும் அந்தப் பீடமும் சேர்ந்து, வெயில் மாதங்களில் குளத்து நீரின் நச்சு அளவை மாதாமாதம் வெளியிடுவது இயலாத காரியமல்ல.

அதுவரை நாம் செய்யவேண்டியது இதுதான். பச்சைப் படலம் கண்ட நீரில் பிள்ளைகளை இறக்காதீர்கள், மாட்டை விடாதீர்கள், அதில் ஒழுச் செய்யவும் வாய் கொப்பளிக்கவும் வேண்டாம். செத்து மிதக்கும் மீனையும் அந்நாட்களில் அள்ளிய மட்டியையும் வாங்காதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றே அறிவியுங்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோவில் ஒலிபெருக்கியிலும் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளையாரைக் கும்பிடுகிறவரும் ஜும்ஆவுக்குப் போகிறவரும் குடிப்பது ஒரே குளத்துத் தண்ணீர்.