நற்குடி எது?

தூது செல்பவன் நற்குடியிலே பிறந்திருக்க வேண்டும் என்பது பழைய இலக்கணம். நாம் கேட்கிறோம்: நற்குடி எது? பட்டாவிலே இருக்கிறதா, பண்பிலே இருக்கிறதா? விடை கூற ஒருவர் வரலாறே போதும்.

கேரளத்து உழவூரிலே, ஒடுக்கப்பட்ட குடியிலே, 1920-இல் பிறந்தார் கே. ஆர். நாராயணன். தந்தை நாட்டு வைத்தியர், வீட்டிலோ வறுமை. பள்ளிக்கு நாள்தோறும் வயல் வரப்பிலே சுமார் 15 கிலோமீட்டர் நடை. கட்டணம் கட்ட வழியில்லாதபோது வகுப்புக்கு வெளியே நின்று பாடங் கேட்டார். அப்படி நின்ற அந்தப் பிள்ளைதான், 1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல்வராகத் தேறினார்!

டாட்டா உதவித்தொகை அவரை இலண்டனுக்கு அனுப்பிற்று. பேராசிரியர் லாஸ்கியின் கடிதத்தோடு திரும்பியவரை, 1949-இல் நேரு அயல்நாட்டுப் பணியிலே அமர்த்தினார். ரங்கூன், டோக்கியோ, இலண்டன், ஹனாய் என்று பணி வளர்ந்தது. தாய்லாந்திலும் துருக்கியிலும் தூதரானார்.

1976-இல் சீனம் சென்றார். 1961-இல் நம் தூதர் திரும்பிய பின், இடையிலே 1962 போரும் மூண்டு, 15 ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்த நாற்காலி அது! பகை ஆறாத தலைநகரிலே பேச்சைத் தொடங்கும் பணி. தூதர் வேலை நமக்கென்ன என்று எண்ணாதீர், தோழர்களே! பேச்சு முறிந்தால் எல்லையிலே மார்பு காட்டி நிற்பவன் யார்? உழவன் மகன், ஆலைத் தொழிலாளியின் மகன்!

பின்னர் 1980 முதல் 1984 வரை அமெரிக்காவிலே தூதர். 1997-இல் குடியரசுத் தலைவர்.

அவரைப் புகழ்ந்துவிட்டால் கடமை தீர்ந்ததா? அவருக்கு ஓர் உதவித்தொகை கிட்டியது; ஒரு கடிதம் கிட்டியது. கிட்டாமல் வரப்போடு நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்? அறிவு குடிசையிலும் பிறக்கிறது. ஏணிதான் மாளிகையிலே கிடக்கிறது! அந்த ஏணியைக் குடிசைக்குக் கொண்டுவருவதே கல்வி உதவியும் இட ஒதுக்கீடும். அதைச் சலுகை என்று ஏளனம் பேசுவோர், உழவூர் வரப்பிலே ஒரு நாள் நடந்து பார்க்கட்டும். பிறகு தகுதி பற்றிப் பேசட்டும்!

தோழர்களே, உங்கள் தெருவிலே உதவித்தொகை கேட்டு எழுதத் தெரியாமல் நிற்கும் பிள்ளை உண்டா? விண்ணப்பத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். அலுவலகம்வரை உடன் செல்லுங்கள். பசியோடு படிக்கும் பிள்ளையின் குடியே நற்குடி. நாட்டுக்காகப் பேசும் உரிமை அந்தக் குடிக்கும் உண்டு!