பத்திரம் கையில், மனை யாருடையது?

சென்னையில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2021 பிப்ரவரியில். அதன்பிறகு காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வீட்டு புரோக்கர்களின் பேச்சிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. "ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம் சார், அடுத்த வருஷம் இந்த ரேட்டுக்குக் கிடைக்காது" என்பார்கள். ரேட் விசாரிக்கிறவர்கள் அதிகம். மனையின் பூர்வோத்திரம் விசாரிக்கிறவர்கள் குறைவு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரையோரத்தில் இரண்டாவதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். வீடு ஒருவருடையதாகவும் அடிமனை இன்னொருவருடையதாகவும் இருப்பது இங்கே சகஜம்.

"ரிஜிஸ்தர் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். நம் நாட்டில் பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. தமிழ்நாட்டின் பதிவு விதி 55ஏ-யின் ஒரு பகுதியை 2025 ஏப்ரலில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே இல்லை என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் கதை வேறு. 1862இல் தொடங்கிய அங்குள்ள நிலப் பதிவகம் உரிமையையே பதிவு செய்கிறது. ஏட்டில் தவறு இருந்து ஒருவர் நஷ்டப்பட்டால் இழப்பீடும் தருகிறது. நமக்கு அந்த வசதி கிடையாது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வந்திருக்கிறதா என்று வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும்.

திருவொற்றியூரில் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் பல இடங்களில் கோயிலில் போய் முட்டும். தியாகராஜ சுவாமி கோயிலுக்குச் சொந்தமான மனைகளில் தலைமுறைகளாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் ஏராளம். வரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் கார்டு எல்லாம் அவர்கள் பெயரில் இருக்கும். மனைக்கு மட்டும் கோயிலுக்கு வாடகை. இப்படிப்பட்ட வீட்டை விற்கும்போது பத்திரத்தில் "கட்டடம் மட்டும்" என்று ஒரு வரி வரும். அந்த இரண்டு சொற்களைக் கவனிக்காமல், மனையோடு சேர்த்து வாங்கிவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அறநிலையத் துறைச் சட்டம் 1959இன் 34ஆவது பிரிவுப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. "அம்பது வருஷமா இங்கதான் இருக்கோம்" என்ற வாதமும் எடுபடாது; கோயில் சொத்துக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது என்கிறது 109ஆவது பிரிவு. ஒருகாலத்தில் சொந்தச் செலவில் கட்டடம் எழுப்பிய வாடகைதாரர்கள், 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, அடிமனையைத் தங்களுக்கே விற்கும்படி நீதிமன்றத்தில் கேட்க முடிந்தது. 1996இல் வந்த திருத்தம் மத நிறுவனங்களின் நிலத்தை அதிலிருந்து விலக்கிவிட்டது. ஆக, கட்டடத்தை வாங்குகிறவர், கோயில் நிர்வாகம் பெயர் மாற்றித் தந்தால் அதன் வாடகைதாரர், தராவிட்டால் ஆக்கிரமிப்பாளர். இதைத் தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்குவது வேறு. தெரியாமல் முழு விலை கொடுப்பது வேறு.

எர்ணாவூர், தண்டையார்பேட்டைப் பக்கம் வேறொரு சிக்கல். குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறினாலும், அதன் வீடுகளைக் கைமாற்றும் பழக்கம் மாறவில்லை. ஒதுக்கீட்டு ஆணையையும் நோட்டரி கையெழுத்திட்ட ஸ்டாம்ப் பேப்பரையும் கொடுத்துவிட்டுச் சாவியைத் தந்துவிடுவார்கள். வாரியம் கிரயப் பத்திரம் தராத வீட்டில் ஒதுக்கீடு பெற்றவருக்கே விற்கும் உரிமை கிடையாது. அவரிடம் வாங்கியவருக்கு எங்கிருந்து வரும்? கூடவே பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும், அதை வைத்துக்கொண்டு சொத்து கைமாறிவிட்டதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. "பேங்க் லோன் கிடைக்காது, ரொக்கமா குடுத்தா குறைச்சுத் தரேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த வீட்டைப் பற்றி அவரே உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

இனி கடல். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கரை போட்டதிலிருந்து, தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே கரை அரிக்கத் தொடங்கியது. வடக்குக் கரையில் பாறைகளையும் தூண்டில் வளைவுகளையும் போட வேண்டியிருந்தது அதனால்தான். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் மனையில், பழைய வீட்டை இடித்துவிட்டு இஷ்டத்துக்கு மாடி எழுப்ப முடியாது. வில்லங்கச் சான்றும் பட்டாவும் இதைச் சொல்லாது. கடலோர வரைபடத்தில் சர்வே எண்ணைப் பொருத்திப் பார்த்தால்தான் தெரியும். எண்ணூர்க் கழிமுகத்தைப் பொறுத்தவரை அந்த வரைபடமே 2017இல் சர்ச்சைக்குள்ளானது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் குறை இருந்தால் விற்பவர் சொல்ல வேண்டாமா? சொல்ல வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறைக்கு அது உதவாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்ப் பக்க வீடுகளுக்குள் புகுந்தது. புது பெயின்ட் அடித்தால் கறை மறைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் தண்ணீர் எதுவரை வந்தது என்று கை வைத்தே காட்டுவார்.

ராயபுரத்துப் பழைய வீடுகளில் கடலும் கோயிலும் அவ்வளவாகத் தலையிடுவதில்லை. அங்கே சிக்கல் உறவு. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் போட்டது. மத்திய சட்டம் 2005இல் வந்தது. முன்பே கல்யாணமாகிப் போன மகளுக்கும் பங்கு உண்டு என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை நம்பி வாங்கினால், ஒருநாள் அத்தையிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வரும்.

பண விஷயத்தில் இரண்டே குறிப்புகள். அட்வான்ஸில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே விற்பவருக்கு அபராதம் விழலாம். கிரய ஒப்பந்தத்தை 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிய வேண்டும்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு அரசுக்கு மட்டும் 3,60,000 ரூபாய் கட்டுகிறோம். வக்கீலிடம் சட்டக் கருத்து கேட்க ஆகும் செலவு அதில் ஒரு சின்னப் பங்குதான். பத்திரம் எழுதும் நாளில் அவரைத் தேடாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே போய்ப் பாருங்கள்.